நான்கு மீட்டர், முப்பது நொடி

நூற்று நாற்பது. கண் விழித்ததிலிருந்து இந்த எண் ஜெபராணியின் தலைக்குள், பல்லிடுக்கில் மாட்டிய கறிவேப்பிலை நார் போல இருந்துகொண்டு, போக மறுத்தது. ரத்த அழுத்தமா என்றால் இல்லை, மாத்திரை தொடங்கியபின் அது நூற்று முப்பதைத் தாண்டியதில்லை. வீட்டு எண் இல்லை. பஸ் நம்பர் இல்லை. நேற்று எங்கேயோ பார்த்தோம், பார்த்தபோதே ஏதோ உறுத்தியது, எங்கே? யோசித்தபடியே பின்வாசல் குழாயடிக்கு வந்தாள். மணி ஆறேகால். குழாய் முதலில் இருமியது, பிறகு காற்றைத் துப்பியது, பிறகு செம்மண் நிறத்தில் ஒரு வாய்த் தண்ணீர், அதன்பின் தெளிந்த தண்ணீர். ஒன்றுவிட்டு ஒரு நாள் வருகிற தண்ணீர். ஏழு, மிஞ்சினால் ஏழேகால் வரைக்கும் வரும். ரப்பர் குழாயின் நுனியை நீல டிரம்முக்குள் விட்டாள். வாஷர் தேய்ந்த குழாய், அரைத் திருகுக்கு மேல் திறந்தால் கழுத்திலிருந்து பீய்ச்சி அடிக்கும், அதனால் அரைத் திருகிலேயே பொறுமையாக நிரப்ப வேண்டும். முதலில் நான்கு குடம், பிறகு சமையலறைச் சருவம் என்பதுதான் அவள் வழக்கம்; இன்று நினைவு எங்கோ இருந்ததில் டிரம்மிலிருந்து தொடங்கிவிட்டாள். போகட்டும். பிளாஸ்டிக் ஸ்டூலை இழுத்துப் போட்டு உட்கார்ந்தாள். கைப்பேசி மடியில் இருந்தது. ஏழரை மணிக்குள் அதில் ஏதாவது எழுத வேண்டும், அல்லது எழுதாமல் இருக்க வேண்டும். எழுதாமல் இருப்பதற்கு ஒன்றுமே செய்ய வேண்டியதில்லை, அதுதான் அதிலுள்ள வசதி. தண்ணீர் நிரம்புவதைப் பார்த்துக்கொண்டே இருந்தால் ஏழரை தானாக வந்துவிடும்.

பாளையங்கோட்டையில் ஒரு பெண்கள் கல்லூரியில் முப்பத்து நான்கு வருடம் இயற்பியல் நடத்தி ஓய்வு பெற்றவள் அவள். ஓய்வுக்குப் பிறகு, எல்லாரும் சேர்ந்து எழுதும் ஓர் இணையக் கலைக்களஞ்சியத்தில் தமிழில் எழுதத் தொடங்கி, ஆறு வருடத்தில் நானூற்றுப் பதினேழு பக்கங்கள் ஆகிவிட்டன. அதில் ஒன்றே ஒன்றின் தலையில்தான் இப்போது சிவப்புக் கட்டம் போட்டிருக்கிறது: இந்தப் பக்கத்தை நீக்கலாமா என்று உரையாடல் நடக்கிறது. அங்கே அதற்கென்று ஒரு முறை உண்டு. ஏழு நாள் விடுவார்கள், யார் வேண்டுமானாலும் வைத்துக்கொள்ளலாம் என்றோ நீக்கலாம் என்றோ காரணத்தோடு எழுதலாம், ஏழாம் நாள் முடிவில் ஒரு நிருவாகி வந்து தலைகளை எண்ணாமல் காரணங்களை எடைபோட்டுத் தீர்ப்பு எழுதுவார். அந்த ஏழாம் நாள் இன்று காலை ஏழரையோடு முடிகிறது. தலைப்பு, விலகல்திரள். இந்தச் சொல்லை அவளேதான் உண்டாக்கினாள், தமிழில் வேறு யாரும் இதற்குப் பெயர் வைத்திருக்கவில்லை. ஆங்கிலத்திலேயே ஆளில்லாத சொல்தான்; தண்ணீரால் வாசிக்கும் ஓர் இசைக்கருவியைப் பற்றி எழுதிய சில ஆய்வாளர்கள் புழங்கியது. ஒரு பொருள் தொடங்கிய இடத்திலிருந்து எவ்வளவு தூரம் விலகிப் போனது, அந்த விலகலில் எவ்வளவு நேரம் இருந்தது, இரண்டையும் சேர்த்துச் சொல்லும் அளவு. அவ்வளவுதான். இதோ இந்தக் குழாய்தான் அதற்கு நல்ல உதாரணம். எத்தனை திருகு திறந்தாய் என்று மட்டும் சொன்னால் டிரம்மில் எவ்வளவு தண்ணீர் என்று தெரியாது. எவ்வளவு நேரம் திறந்திருந்தது என்று மட்டும் சொன்னாலும் தெரியாது. இரண்டையும் பெருக்கினால், ஏறத்தாழத் தெரியும். நூல் போல ஒழுகும் குழாய்கூட இரவெல்லாம் ஒழுகினால் விடியும்போது அண்டா நிறைந்திருக்கும். இவ்வளவு பக்கத்தில் இருக்கிற விஷயத்துக்கு ஒரு பக்கம் கூடாதா என்பது அவள் கட்சி. கூடாது என்பது வவுனியா செல்வச்சந்திரன் கட்சி.

செல்வச்சந்திரனை அவள் பார்த்ததில்லை. நில அளவைத் திணைக்களத்தில் வேலை செய்து ஓய்வு பெற்றவர், ஆறு வருடமாக அவளுடைய வாக்கியங்களில் ஒற்றுப்பிழை பார்த்துத் தருகிறவர், சிவப்புக் கட்டம் போட்டவரும் அவரேதான். "ஆரும் பாவிக்காத சொல்லுக்கு ஒரு தனிப் பக்கம் எதுக்கு? இடப்பெயர்ச்சி எண்ட பக்கத்தில ரெண்டு வரி போதும். இப்பிடியே விட்டால் நாளைக்கு நுளம்பு கடிச்ச வேகத்துக்கும் பக்கம் திறப்பம். அக்கா கோவிக்கக் கூடாது" என்று முதல் நாளே எழுதியிருந்தார். நுளம்பு என்றால் அவர் ஊரில் கொசு. அவள் கோபிக்கவில்லை, சிரித்தாள். அவர் சொல்வதில் தப்பும் இல்லை. அவளே எத்தனை பக்கங்களுக்குக் கட்டம் போட்டிருக்கிறாள். யாரோ தன் மாமா நடத்திய டியூஷன் சென்டருக்குப் பக்கம் திறந்திருந்தான், யாரோ தானே கண்டுபிடித்த ஒரு விசைக்குத் தன் பெயரையே வைத்திருந்தான். கலைக்களஞ்சியம் என்றால் யாரோ ஒருவர் நினைத்ததெல்லாம் வந்து படுத்துக்கொள்கிற சத்திரம் இல்லை. எழுதியவருக்குச் சம்பந்தமில்லாத இரண்டு பேராவது, இரண்டு இடத்திலாவது, அந்த விஷயத்தைப் பற்றி நாலு வரி எழுதியிருக்க வேண்டும், அதுதான் விதி. நல்ல விதி. ஆனால் சண்முகவடிவு? அது முப்பது வருடத்துக்கு முந்தின கதை. முதலாமாண்டு வகுப்பு, விடுதியில் தங்கிப் படிக்கிற பெண். விடுதியிலிருந்து ஊருக்குப் போய்விட்டு விடுதிக்கே திரும்பி வந்தால் இடப்பெயர்ச்சி பூச்சியம் என்று ஜெபராணி கரும்பலகையில் எழுதியபோது எழுந்து நின்றாள். "அப்போ நான் எங்கயும் போகலைன்னு அர்த்தமா மேடம்? ரெண்டு மாசம் அங்கல்லா இருந்தேன். அந்த ரெண்டு மாசத்துக்குக் கணக்கே கிடையாதா?" வகுப்பு சிரித்தது. அது சிலபஸில் இல்லை, உட்காரு என்று ஜெபராணி சொன்னாள். சிலபஸில் இல்லை! அதற்கொரு அளவு இருக்கிறது, அதற்குப் பெயர்கூட இருக்கிறது என்று தனக்கே தெரியவர முப்பது வருடம் ஆயிற்று. அப்படிக் கேட்கிற ஒரு பெண் இப்போதும் எங்கேயோ இருப்பாள். வேறொரு பக்கத்தின் வயிற்றுக்குள் இரண்டு வரியாகக் கிடந்தால் அவள் கண்ணில் படுமா? பெயர் எழுதிய கதவு ஒன்று வேண்டாமா? ஆனால் கதவு வைப்பதற்கு முன் சுவர் வேண்டுமே அக்கா என்பார் செல்வச்சந்திரன். சுவர் என்றால் ஆதாரம். ஆங்கிலக் கட்டுரை ஒன்று இருக்கிறது. இன்னொன்று வேண்டும். நேற்று மதியம் வரைக்கும் இல்லை.

"டீச்சர், மோட்டார் கீட்டார் போட்டிருக்கியளா?" மதிலுக்கு அந்தப்புறத்திலிருந்து பகவதியின் குரல். பக்கத்து வீட்டுக்காரி, குழாயில் தண்ணீர் குறைந்தால் முதலில் சந்தேகிப்பது ஜெபராணியைத்தான். "எங்கள்ட்ட ஏது மோட்டாரு. அரைத் திருகுதான் திறந்திருக்கேன்." "இல்ல, இங்கன நூலு மாதிரி வருது, அதான் கேட்டேன். வாத்தியாரு வீட்டுக்குத் தண்ணியும் பயந்து வரும் போல." ஜெபராணி மடியிலிருந்த கைப்பேசியைப் பார்த்தாள். நேற்று மதியம். நேற்று மதியம்தான் கோயம்புத்தூர்ப் பையன், இன்பசேகர் என்று ஒரு பொறியாளன், உரையாடலில் வந்து ஒரு படத்தைப் போட்டான். தமிழில் அச்சிலேயே ஆதாரம் இருக்கிறது, பாருங்கள் என்றான். 'பவளக்கிளை' மாத இதழ், ஆவணி மாதம், சிறுவர் பக்கம். தலைப்பே 'விலகல்திரள் என்றால் என்ன?' செல்வச்சந்திரன் பெரிய மனிதர், ஒரு மணி நேரத்தில் இறங்கி வந்துவிட்டார். "அச்சில வந்திருந்தால் நான் வாய் திறக்கேல்லை. அக்காவுக்கு வாழ்த்து." அதன்பிறகு மூன்று பேர் வைத்துக்கொள்ளலாம் என்று எழுதினார்கள். ஜெயித்தாகிவிட்டது. ஜெபராணி படத்தைப் பெரிதாக்கி அந்தப் பக்கத்தை அடிவரைக்கும் இழுத்தாள், அடியில், வலது மூலையில், சாய்ந்த எழுத்தில், எழுதியவர் பெயர் இருந்தது. கிருபை அக்கா. அதற்கு மேல் நேற்று அவளால் ஒன்றையும் வாசிக்க முடியவில்லை.

இதழைப் படிக்கிற பிள்ளைகளுக்கெல்லாம் கிருபை அக்கா. ஜெபராணிக்குத் தங்கை. இரண்டு வயது இளையவள், பெருமாள்புரத்தில் இருக்கிறாள், இங்கிருந்து சரியாக இரண்டரைக் கிலோமீட்டர், பேசிப் பதினோரு வருடம். சண்டைக்குக் காரணம் நிலம் இல்லை, நகை இல்லை, கல்யாணக் காரியம் இல்லை, நிலா. நிலாவில் ஈர்ப்பு விசையே கிடையாது, அதனால்தான் அங்கே போனவர்கள் குதித்துக் குதித்து நடக்கிறார்கள் குழந்தைகளே, என்று கிருபை தன் பக்கத்தில் எழுதிவிட்டாள். ஜெபராணி அன்று மாலையே பேனாவை எடுத்து, ஆசிரியர் அவர்களுக்கு என்று தொடங்கி, நிலாவின் ஈர்ப்பு பூமியினுடையதில் ஆறில் ஒரு பங்கு என்று எழுதி, இத்தகைய பிழைகள் பிஞ்சு மனங்களில் பதிந்துவிடும் என்று முடித்து, பட்டம் பதவியோடு கையெழுத்துப் போட்டு அனுப்பினாள். அவர்கள் அதைக் கட்டம் கட்டி வெளியிட்டார்கள். கிருபை ஒரே ஒரு தடவை போன் செய்தாள். "எங்கிட்ட ஒரு போன் போட்டுச் சொல்லிருக்கலாம்லா, அக்கா?" "தப்பு அச்சுலதான வந்துச்சு. திருத்தமும் அச்சுலதான வரணும்." இன்றைக்கும் அது சரிதான். அதுதான் கஷ்டம். சரி என்பதைக் கையில் வைத்துக்கொண்டு பதினோரு வருடம் உட்கார்ந்திருக்கலாம், அது சூடு ஆறுவதும் இல்லை, வயிறு நிறைப்பதும் இல்லை. இரண்டரைக் கிலோமீட்டர், பதினோரு வருடம். பெருக்க வேண்டாம் என்று நினைப்பதற்குள் மனம் பெருக்கிவிட்டது. இரண்டாயிரத்து ஐந்நூறு மீட்டர், பதினோரு வருடத்து நொடிகள், எண்பத்தாறாயிரம் கோடிக்கு மேல். சின்னத் தூரம்தான். ஒழுகுகிற குழாய்.

படத்தை மறுபடி திறந்தாள். தூங்கியெழுந்த தைரியத்தில் இந்த முறை முதல் வரியிலிருந்து வாசித்தாள். கிருபையின் எழுத்து, அவளுக்கே உரிய எளிமை, ஒரு வாக்கியத்துக்கு எட்டுச் சொல் தாண்டாது. 'ஒரு பொம்மை வண்டி. அதை வாசலிலிருந்து தள்ளிவிடுங்கள். நான்கு மீட்டர் தள்ளிப் போய் நிற்கிறது. முப்பது நொடி அங்கேயே நிற்கிறது. நான்கையும் முப்பதையும் பெருக்குங்கள். நூற்று நாற்பது. இதுதான் விலகல்திரள்.' பரீட்சைத் தாள் திருத்திப் பழகிய கட்டைவிரல், மூளைக்கு முன்னால், திரையில் அந்த எண்ணின் மேல் போய் நின்றது. நான்கு முப்பது நூற்றிருபது. நூற்றிருபது அல்லவா? நூற்று நாற்பது என்று போட்டிருக்கிறாள். மறுபடியும் தப்பு, மறுபடியும் அச்சில், என்று நினைத்த அதே நொடியில் கட்டைவிரல் திரையிலிருந்து விலகியது. இல்லை. இது கிருபையின் தப்பு இல்லை. இந்தத் தப்பை எனக்குத் தெரியும். முதலில் முப்பத்தைந்து நொடி என்றுதான் எழுதியிருந்தேன், பிள்ளைகளுக்குச் சுலபமாக இருக்கட்டும் என்று முப்பது ஆக்கினேன், விடையை மாற்ற மறந்துபோனேன். கலைக்களஞ்சியத்தில் ஒவ்வொரு பக்கத்துக்கும் வரலாறு என்று ஒன்று இருக்கும், யார், எந்த நிமிடம், எந்த எழுத்தை மாற்றினார்கள் என்பது வரைக்கும். அதைத் திறந்தாள். ஆனி மாதம், செவ்வாய்க்கிழமை மாலை ஐந்தே முக்கால், பக்கம் தொடங்கப்பட்டது, விடை நூற்று நாற்பது. வியாழக்கிழமை காலை ஒன்பது, நூற்றிருபது என்று திருத்தம். நடுவில் ஒன்றரை நாள். அந்த ஒன்றரை நாளில் பக்கத்தைத் திறந்தவர்கள் எத்தனை பேர் என்ற எண்ணிக்கையும் இருக்கிறது. மூன்று. ஒன்று நான். ஒன்று ஒற்றுப்பிழை பார்த்த செல்வச்சந்திரன், அவருக்கும் கணக்குக் கண்ணில் படவில்லை. மூன்றாவது?

மூன்றாவது ஆள் பெருமாள்புரத்தில் உட்கார்ந்து, அக்கா எழுதிய அன்றோ மறுநாளோ, யாரும் சொல்லாமல், எந்த விளம்பரமும் இல்லாமல், தானாகத் தேடி வந்து வாசித்திருக்கிறாள். ஒரு நாள் வந்தவளாக இருக்க முடியாது. வழக்கமாக வருகிறவள்தான் முதல் நாளே வருவாள். நானூற்றுப் பதினேழையும் வாசித்தாளா? வாசித்ததோடு, அக்கா போட்ட கணக்கு என்பதால் சரிபார்க்காமல் எடுத்திருக்கிறாள். ஜெபராணிக்குச் சிரிப்பு வந்தது, சிரிப்பின் பின்னாலேயே பயமும் வந்தது, ஏனென்றால் பேராசிரியை மூளை ஒரு நிமிடம்கூடச் சும்மா இருப்பதில்லை. அப்படியென்றால் அது ஆதாரம் இல்லை. என் பக்கத்திலிருந்து கிருபை எடுத்தாள், கிருபையின் பக்கத்தைக் காட்டி என் பக்கத்தைக் காப்பாற்றுகிறார்கள், நான் சொன்னதற்கு நானே சாட்சி. நேற்று மதியத்திலிருந்து இருபது பேர் கண்ணில் விளக்கெண்ணெய் விட்டுப் பார்த்தும் இது ஒருவருக்கும் தெரியவில்லை, இனிமேல் தெரியப்போவதும் இல்லை. சும்மா இருந்தால் பக்கம் நிற்கும். சண்முகவடிவுக்கு அவளுடைய கதவு கிடைக்கும். பொய் என்று ஒன்றும் நான் சொல்லவில்லையே. ஆனால் தப்பான சுவரில் வைத்த கதவு, தெரிந்துகொண்டே வைத்தது, அதைத் திறந்து வருகிற பெண்ணை எந்த முகத்தோடு பார்ப்பது? சரி, எழுதுகிறேன் என்று வை. என்ன எழுதுவது? 'பவளக்கிளை'யில் வந்த கட்டுரை இந்தப் பக்கத்தைப் பார்த்து எழுதப்பட்டது, இங்கிருந்த பிழையையும் சேர்த்தே எடுத்திருக்கிறார்கள், ஆகவே ஏற்கத்தக்கதல்ல. எல்லாரும் பார்க்கிற இடத்தில். பெயரோடு. பதினோரு வருடம் கழித்து இரண்டாவது கடிதம். கிருபை அதையும் முதல் நாளே வாசிப்பாள், அவள்தான் தினமும் வருகிறாளே. மணி ஆறு ஐம்பத்தெட்டு. படத்தில் கடைசி வரிகள் மிச்சம் இருந்தன. ஜெபராணி தன் பக்கத்தை முடித்திருந்தது இப்படி: பொருள் தொடங்கிய இடத்துக்கே திரும்பினாலும் இந்த அளவு குறையாது, கூடுவது மட்டும் நின்றுவிடும். கிருபை அதைப் பிள்ளைகளுக்காக மாற்றியிருந்தாள். 'பொம்மை வண்டி வாசலுக்குத் திரும்பி வந்துவிட்டது. அது வெளியே நின்ற கணக்கு அழியாது. ஆனால் இனிமேல் கூடாது. அது போதும்.' அது போதும் என்று ஜெபராணி எழுதவில்லை. எந்த இயற்பியல் புத்தகத்திலும் அப்படி எழுதமாட்டார்கள். அந்த இரண்டு சொற்கள் மட்டும் கிருபையினுடையவை.

மூன்று கைப்பேசி மாறிவிட்டது, கிருபையின் எண் மட்டும் ஒவ்வொன்றுக்கும் கூடவே வந்துகொண்டிருந்தது. அழுத்தினாள். காலை ஏழு மணிக்கு யாராவது போன் செய்வார்களா, சாவு செய்தி என்று நினைத்துவிடப் போகிறாள், வைத்துவிடலாம், ஒரு குறுஞ்செய்தி போதுமே, இல்லை, எழுதக்கூடாது, இந்தத் தடவை எழுதுவதற்கு முன்னால் சொல்லியாக வேண்டும், மூன்றாவது மணி, எண்ணைப் பார்த்துவிட்டு எடுக்காமல் இருக்கிறாள், இருக்கட்டும், அவளுக்கு உரிமை இருக்கிறது, ஐந்தாவது மணி, எடுத்தாள்.  குக்கர் விசில் ஒன்று மட்டும் கேட்டது. "கிருபை. நாந்தான்." "தெரியுது."  இத்தனை வருடம் தயார் செய்து வைத்திருந்த வாக்கியங்களில் ஒன்றுகூட வாசலுக்கு வரவில்லை. அப்போது அந்தப் பக்கத்திலிருந்து, கொஞ்சம் எரிச்சலாக, நேற்றுப் பேசிவிட்டு விட்ட இடத்திலிருந்து தொடர்வது போல, "தண்ணி வழியுது போலயே. சத்தம் இங்க வரைக்கும் கேக்கு. முதல்ல குழாய மூடுக்கா" என்றாள். ஜெபராணி திரும்பிப் பார்த்தாள். டிரம் நிறைந்து, தரை நனைந்து, செருப்பு ஒன்று மிதந்து துளசித் தொட்டியை நோக்கிப் போய்க்கொண்டிருந்தது. மூடினாள். "மூடிட்டேன்." "ம்." "ஒரு தப்பு வந்திருக்கு கிருபை." "என் பக்கத்துலயா?" "என் பக்கத்துல. அங்கேருந்து ஒன் பக்கத்துக்கு வந்திருக்கு." "நூத்தி நாப்பதுதான? பதினாலு பிள்ளைய கார்டு எழுதிப் போட்டுட்டு. ஒண்ணு எனக்கு நாலாம் வாய்ப்பாடே எழுதி அனுப்பிருக்கு. ஒன் கணக்கு தப்பாகாதுன்னு நம்பில்லா எடுத்தேன், பாவி." ஜெபராணி ஈரத் தரையில் நின்றபடி சிரித்தாள், சிரிப்பு பாதியில் வேறு ஏதோ ஆகப் பார்த்தது, அதற்குள் விஷயத்தைச் சொன்னாள். சிவப்புக் கட்டம், ஏழு நாள், ஏழரை மணி, நான் சொன்னதற்கு நானே சாட்சி ஆகிவிட்டது, அதை அங்கே எழுதியாக வேண்டும், எழுதினால் உன் பெயர் வரும். கிருபை முழுவதும் கேட்டாள். "எழுது. என் பேரப் போட்டே எழுது. ஆனா தப்பு யாருதுன்னும் எழுதணும், ஆமா." "அதத்தான் முதல் வரியா எழுதப்போறேன்." "எழுதுனா அந்தப் பக்கத்தத் தூக்கிருவாங்களோ?" "தூக்கலாம்." அந்தப் பக்கம் குக்கர் மறுபடி விசிலடித்தது. "தூக்கிட்டா நான் எங்க போய் வாசிக்க?" ஜெபராணி மூடிய குழாயை இன்னொரு முறை இறுக்கினாள்.  "நேர்ல வந்து சொல்லுதேன்." "இட்லிதான் இருக்கு" என்றாள் கிருபை, வைத்துவிட்டாள்.

ஏழு இருபத்திரண்டுக்கு எழுதி அனுப்பினாள். முதல் வரி: பிழை என்னுடையது. இரண்டாவது வரியில் சிறுவர் பக்கம் எப்படி வந்தது என்பதும், மூன்றாவதில் அதை ஆதாரமாகக் கொள்ள வேண்டாம் என்பதும், நான்காவதில் எழுதியவர் தன் தங்கை என்பதும், அவளிடம் கேட்டுவிட்டே இதை எழுதுவதும். வேறு அலங்காரம் இல்லை. அனுப்பியதும் பக்கம் போய்விடும் என்றுதான் நினைத்தாள், நினைத்த அளவுக்கு வலிக்கவில்லை. சேலையை மாற்றிக்கொண்டு வருவதற்குள் செல்வச்சந்திரனின் பதில் வந்திருந்தது. "அக்கா, கையில இருந்த ஒரு ஆதாரத்தையும் நீங்களே பிடுங்கிப் போட்டியள். இப்பிடி ஒரு ஆளின்ர பக்கத்தை நான் எப்பிடித் தூக்கச் சொல்லுறது? இன்னும் ஏழு நாள் நீட்டச் சொல்லி நிருவாகியைக் கேட்டிருக்கிறன். ஆங்கிலத்தில வேற கட்டுரை இருக்குதோ எண்டு நானே தேடிப் பாக்கிறன். கிடைக்காட்டி, இடப்பெயர்ச்சிப் பக்கத்தில ரெண்டு வரி இல்லை, ஒரு முழுப் பத்தி உங்களுக்கு. பி.கு. நூற்று நாற்பது என்ர கண்ணிலயும் படேல்லை, வெக்கமாக் கிடக்கு." ஏழு நாள். தேடினால் கிடைக்கலாம். கிடைக்காமலும் போகலாம், அப்போது ஒரு முழுப் பத்தி. சண்முகவடிவு கெட்டிக்காரி, பத்தி என்றாலும் கண்டுபிடித்துவிடுவாள். ஜெபராணி தொட்டியோரம் ஒதுங்கியிருந்த செருப்பை எடுத்து உதறி, ஈரத்தோடேயே மாட்டிக்கொண்டாள். கேட்டைத் திறக்கும்போது பகவதி குடத்தை இடுப்பில் வைத்தபடி நின்றாள். "எங்க டீச்சர், காலங்காத்தால? உங்க வீட்டுத் தண்ணி தெரு வரைக்கும் வந்து கிடக்கு, எங்களுக்கு ஒரு சொட்டு இல்ல." "டிரம் நிறைய இருக்கு பகவதி, வேணும்கிறத மொண்டுக்கோ. பின்வாசல் திறந்துதான் கிடக்கு." "நீங்க எங்க போறிய?" "பெருமாள்புரத்துக்கு." "அங்க யாரு இருக்கா உங்களுக்கு?" என்று கேட்டாள் பகவதி, ஒன்பது வருடமாகப் பக்கத்து வீட்டில் இருக்கிறவள். கேட்டைச் சாத்திக்கொண்டிருந்த ஜெபராணி, "என் தங்கச்சி" என்றாள்.